கொழுந்து வீட்டுக் கரகரப்பு

"தாயே, என் கம்ப்யூட்டருக்குத் தொண்டை கட்டிப்போச்சு. இன்னிக்குப் பார்த்தா இப்படி ஆகணும்?"

மடத்துக்குள் செருப்போடு ஓடிவந்து நின்றார் திருமலைக்கொழுந்து. அறுபதைத் தாண்டிய மனுசர். உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்த குரு அம்மையாருக்கு அவரைவிட இருபது வயசு குறைச்சல்.

"முதல்ல செருப்பு, அண்ணாச்சி."

கழற்றினார்.

கொழுந்துவின் ஒரே மகள் ஆவுடை. சின்னதிலிருந்தே திக்குவாய். பள்ளிக்கூடத்தில் பேர் கேட்டாலே அழுதுவிடும் பிள்ளை, இப்போது வேலை பார்க்கிற சிங்கப்பூரில் மேடை ஏறிப் பேசப்போகிறாள். இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு. கம்ப்யூட்டரில் நேரடியாகக் காட்டுகிறார்கள்.

"போன்ல கேட்டுக்கலாமே?"

"நம்மகிட்ட இருக்கது பட்டன் போன், தாயே."

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நேத்து கம்ப்யூட்டர்ல கூப்பிட்டா. வார்த்தை உடைஞ்சு உடைஞ்சு வருது. திக்குறது பிள்ளையா, மிஷினான்னு எனக்குத் தெரியலை. அது தெரியாம நான் எப்படி இருப்பேன்?"

அம்மையார் கீரையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

கொழுந்து வீட்டில் ஸ்பீக்கர் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தது.

"என்னென்ன செஞ்சு பாத்தீங்க?"

"என்ன செய்யலைன்னு கேளுங்க! அணைச்சுப் போட்டேன். சத்தத்தைக் குறைச்சேன். சவுண்டு டிரைவரைத் தூக்கிட்டுத் திரும்ப ஏத்துனேன். கோபத்துல ரெண்டு தட்டும் தட்டினேன்."

"கடைசியா எப்ப நல்லா பேசிச்சு?"

"ஆயுத பூஜைக்கு முந்தின நாள்."

"அதுக்கப்புறம் என்ன மாறிச்சு?"

"ஒண்ணுமே மாறலை. பூஜை மட்டும்தான் போட்டேன்."

"எப்படிப் போட்டீங்க?"

கொழுந்துவுக்கு முகம் மலர்ந்தது. பூஜை என்று வந்துவிட்டால் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

"மத்தவன் மாதிரி மேலாக்க ஒரு பொட்டு வச்சுட்டுப் போற ஆளா நான்? ஸ்பீக்கர் வயரை உருவி, அதோட நுனி முள்ளுலேயே சந்தனம் பூசி, குங்குமம் வச்சுச் சொருகினேன். ஆவுடை குரல் வர்ற வழியில்லியா, தாயே!"

அம்மையார் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டு அந்த வயரை உருவி அவர் கையில் கொடுத்தார். முள் முழுக்கச் சந்தனம் காய்ந்து கெட்டிப்பட்டிருந்தது.

"தொடைங்க."

"ஐயையோ! சாமிக்கு வச்சது."

"ம்."

"நீங்களே தொடைச்சிருங்க. எனக்குக் கை வரலை."

அம்மையார் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மணி ஐந்து. திரையில் மேடை தெரிந்தது. நீலப் புடவையில் ஆவுடை நடந்து வந்து மைக் முன்னால் நின்றாள். விரல்கள் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தன.

கொழுந்து சாமி படத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"மன்னிச்சிரு ஆத்தா," என்று முனகிக்கொண்டே வேட்டி நுனியால் முள்ளை அழுத்தித் துடைத்தார். சொருகினார். லேசாகக் கரகரத்தது. உருவி இன்னொரு தரம் துடைத்துச் சொருகினார்.

"எல்லாருக்கும் வணக்கம்."

பக்கத்தில் நின்று சொன்ன மாதிரி கேட்டது. கொழுந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆவுடை பேசினாள். தன் திக்குவாயைப் பற்றியே பேசினாள். பேருந்தில் ஊர்ப் பெயர் வாயில் வராமல் அடுத்த நிறுத்தத்துக்குச் சீட்டு வாங்கி நடந்தே வந்த கதையைச் சொன்னபோது அங்கே எல்லாரும் சிரித்தார்கள். கொழுந்துவுக்கு அந்தக் கதையே தெரியாது.

நடுவில் ஒரு வார்த்தையில் நின்றாள்.

ஸ்பீக்கரில் ஒரு பொட்டுக் கரகரப்பு இல்லை. கொழுந்துவுக்குத் தெரிந்துவிட்டது, இது மிஷின் இல்லை. அவருடைய உதடு தானாக அசைந்தது.

ஆவுடை மூச்சை இழுத்துவிட்டாள். அதே வார்த்தையைத் திரும்ப எடுத்தாள். முழுசாகச் சொன்னாள்.

"சொல்லிட்டா! தாயே, சொல்லிட்டா!"

"சத்தம் போடாதீங்க. மிச்சத்தைக் கேளுங்க."

கேட்டார். கடைசி வரி வரைக்கும் கேட்டார். ஆவுடை கும்பிட்டு முடித்தாள்.

உடனே ஸ்பீக்கர் தடதடவென்று இரைந்தது. அறையே அதிர்ந்தது. நிற்கவே இல்லை.

"பாவி, மறுபடியும் வந்துட்டுதே!" கொழுந்து பாய்ந்துபோய் வயரைப் பிடித்தார்.

அம்மையார் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க அண்ணாச்சி. அது கைத்தட்டு."