காலில்லாத பூச்சி

ஒரு ஊர்ல ஒரு மருந்துப் பெட்டிக்காரி இருந்தா. பேரு வஞ்சிக்கொடி. முக்குக் கடைக்குப் போனாலும் ரெண்டு பிளாஸ்டர் இல்லாமப் போகமாட்டா. "ம்" சொல்லு குட்டி, அப்பத்தான் கதை நடக்கும்.

ஒருநாள் அவளும் அவ நாத்தனார் செண்பகாவும் மலையேறக் கிளம்பினாங்க. ரோடு முடிஞ்ச இடத்துலேருந்து காட்டுக்குள்ள அஞ்சு மணி நேர நடை. கடை கிடையாது, டாக்டர் கிடையாது, போனுக்கு டவர் கிடையாது. வழிகாட்ட சடையன்னு மலைக்காரர் ஒருத்தர். முந்தின நாளே, அவர் அடிவாரத்துக்கு வந்திருந்தப்ப வஞ்சி போன் போட்டு, "மருந்துப் பெட்டியில என்ன வெக்கணுங்ண்ணா?"ன்னு கேட்டா.

"அட்டைக்கு உப்பு வைங்க அம்மிணி. அப்புறம், பாறை இடுக்குல பூச்சி உண்டு. பாத்து வாங்க."

பூச்சியா? வஞ்சி ஓடிப்போய் பூச்சிக்கடிக் களிம்பு ரெண்டு டியூப் வாங்கிட்டா. அப்புறம் பஞ்சு, கத்தரிக்கோல், காய்ச்சல் மாத்திரை, உப்புச்சர்க்கரைப் பொட்டலம், நீளமா சுத்துற பட்டைத்துணி, ஒரு விசில், எல்லாத்தையும் டக் டக்னு அடுக்கினா.

"அண்ணி, மலை ஏறப்போறீங்களா, ஆஸ்பத்திரி தொறக்கப்போறீங்களா? என் முறுக்கு டப்பாவுக்கு இடமே இல்ல!"ன்னா செண்பகா.

"முறுக்கு கைலயே வரட்டும்டி."

அப்புறம் ஏறினாங்க. சரக் சரக்னு சருகு. செண்பகா காலை அட்டை கடிச்சுது, உப்பு வெச்சதும் பொத்துனு விழுந்துது. அவளுக்கே குதிகால்ல கொப்புளம் வந்துது, பிளாஸ்டர் ஒட்டினாங்க. அதுக்கப்புறம் செண்பகா பெட்டியைக் கேலி பண்ணல. முறுக்குதான் கடக் கடக்னுது.

ம்? முழிச்சிருக்கியா? கேளு.

அப்போ பாறைகிட்ட, முன்னால போன சடையன் காலைப் பிடிச்சுக்கிட்டு சட்டுனு உக்காந்துட்டார். "பூச்சி தொட்டுடுச்சு அம்மிணி."

"இதுக்குத்தான் வாங்கினேன்!"னு வஞ்சி களிம்பைப் பிதுக்கிட்டுப் போனா. அவர் தலையை ஆட்டினார்.

"இந்தப் பூச்சிக்குக் கால் கிடையாதுங்க."

வஞ்சி களிம்பைக் கீழ போட்டா. "ஐயோ, பா..." சடையன் டக்குனு கையைக் காட்டித் தடுத்தார். "பேரைச் சொல்லாதீங்க. சொன்னா கூடவே வரும்."

சொல்லிட்டு மடியிலேருந்து கத்தியை எடுத்தார், கீறி விட. "கீறக்கூடாதுங்ண்ணா"ன்னா வஞ்சி. கயித்தை எடுத்தார், இறுக்கிக் கட்ட. "இறுக்கவும் கூடாது. அசையாம இருங்க, அது போதும்." வீங்கறதுக்கு முன்னாடி அவர் கால் காப்பைக் கழட்டினா. பட்டைத்துணியைச் சுத்தி, ஒரு விரல் நுழையுதான்னு பாத்தா. மலையேற அவங்க ஊன்றி வந்த கோல் ரெண்டையும் காலுக்கு ரெண்டு பக்கமும் வெச்சுக் கட்டினா. "செண்பகா, ஊது!"

பீ! பீ! பீ! செண்பகா கன்னம் ரெண்டும் பூரி மாதிரி உப்புச்சு. கீழே காவல் கொட்டாய்ல இருந்த ரெண்டு பேர் ஓடிவந்தாங்க. போர்வையில தூளி கட்டி, ஹோய் ஹோய்னு தூக்கிட்டு இறங்கினாங்க. ரோட்டுல ஒரு ஜீப் கிடைச்சுது. நேரா ஆஸ்பத்திரி.

அங்க சீட்டு எழுதற அக்கா தலையை நிமித்தாமயே, "என்ன கடிச்சுது?"ன்னாங்க.

சடையன் மெதுவா, "பூச்சிங்க."

"பூச்சிக்கடி. பெஞ்சுல உக்காருங்க, முன்னால இருபது பேர் இருக்காங்க."

வஞ்சி தூக்கிட்டு வந்தவங்களைப் பாத்தா. அவங்களும் மலைக்காரங்க, பேரைச் சொல்லமாட்டாமத் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. சடையனைப் பாத்தா. அவர் இமை ரெண்டும் கனத்துக் கனத்து இறங்குது. பேரைச் சொன்னா அவர் மனசு நோகும். சொல்லலேன்னா ஆளே இருக்கமாட்டார்.

அவ்வளவுதான், சுவரே அதிரக் கத்தினா. "பாம்பு! பாம்பு கடிச்சிருக்கு!"

தட் தட் தட்னு டாக்டர் ஓடிவந்தார். தள்ளுவண்டி வந்துது. ஊசி வந்துது. ரா முழுக்க மருந்து சொட்டுச் சொட்டா இறங்குச்சு.

விடிஞ்சதும் சடையன் நல்லாக் கண்ணைத் தொறந்தார். தொறந்ததும் சண்டைக்கு வந்துட்டார். "ஊரே கேக்கற மாதிரி பேரைச் சொல்லிட்டீங்களே அம்மிணி! இப்ப அது இங்க வந்து நின்னா?"

"வரட்டுங்ண்ணா. சீட்டு எழுதற அக்கா அதையும் பெஞ்சுல உக்காத்தி வெச்சிருவாங்க."

சடையன் முறைச்சார். அப்புறம் கட்டில் கிரீச் கிரீச்னு ஆட ஆடச் சிரிச்சார்.

ம்? ம் வரலியே. சரி கண்ணு, எல்லாரும் மலையிலேருந்து பத்திரமா இறங்கியாச்சு. கதையும் இறங்கியாச்சு. தூங்கு.