அஞ்சுகம் தட்டிப் பார்த்த கற்கள்

தீவின் நடுவில் இருந்த நெருப்பு மலை ஒரு மாசியில் வெடித்துத் தீக்குழம்பாக ஊர்மேல் வழிந்தது. ஊர்ச்சனம் தப்பித்துவிட்டது. அஞ்சுகத்தின் வீடும் கிணறும் பலா மரமும் குழம்புக்கு அடியில் போயின. அதன் பிறகு ஏழு ஆண்டுகளாக மடத்தில் சமைத்துக்கொண்டிருந்தாள். மலைப் பக்கம் முகத்தைத் திருப்புவதேயில்லை.

மடத்துக் குரு பூவராகர் அவளைவிடப் பத்து வயது சின்னவர். துறவுக்கு முன்னால் கொத்தனார். ஒருநாள் அவரிடம் கேட்டாள்:

"சாமி, இந்த மலை மேல எனக்கு இருக்கிற கோபம் எப்பத்தான் தீரும்?"

அவர் ஒரு சுத்தியலை அவள் கையில் கொடுத்து, வீடு இருந்த இடத்துக்குக் கூட்டிப்போனார். குழம்பு உறைந்து கரும்பாறையாகக் கிடந்தது. தட்டச் சொன்னார். கணீரென்றது. அது அஸ்திவாரத்துக்கு என்றார். அடுத்த கல் சிவப்பு, ஆப்பம்போல உடம்பெல்லாம் துளை. சுவருக்கு வைத்தால் வெயில் உள்ளே இறங்காதாம். மூன்றாவது சாம்பல் நிறம். பூசணி அளவு இருந்ததை ஒற்றைக் கையில் தூக்கிவிட்டாள். அது கூரைக்கு.

நான்காவது கண்ணாடிபோல் மினுங்கி அவள் விரலைக் கீறியது.

"இது எதுக்கு சாமி?"

"கட்ட ஆகாதும்மா. காய் நறுக்கலாம்."

அஞ்சுகம் சிரித்துவிட்டாள். சிரித்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் அவர் கூப்பிடாமலே சுத்தியலோடு கிளம்பினாள். மலைச் சாம்பலைச் சுண்ணாம்பில் குழைத்து, பழைய மனையிலேயே இருவரும் சுவர் எழுப்பினார்கள். சத்தத்தை வைத்தே கல்லின் குணம் அவளுக்குப் பிடிபட்டது. ஜன்னலுக்கு மேலே குரு வைத்த கரும்பாறைத் துண்டைக்கூட, பாரம் கூடுதல் என்று இறக்கச் சொன்னாள். அவர் இறக்கினார். வேடிக்கை பார்க்க வந்த பழைய அண்டை வீட்டார், அடுத்த வாரம் தங்கள் மனையில் கல் தட்டினார்கள்.

தை பிறந்ததும் புது வீட்டில் பால் காய்ச்சினாள். நாற்பது இலை விழுந்தது. பாயசத் தூக்கோடு வாசலுக்கு வந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். மலை உச்சியில் மெல்லிய புகை.

குருவின் இலையருகே வந்து குனிந்து மெதுவாகக் கேட்டாள்:

"சாமி, மறுபடியும் அது வெடிச்சா?"

பூவராகர் பாயசத்துக்குக் கையை ஏந்தினார்.

"அந்தக் கல்லுல மாடி கட்டிடலாம்மா."