பெயர் எழுதாத சிலுவை

அரிமத்தியா ஊர் யோசேப்பு, தனக்கென்று வெட்டி வைத்த கல்லறையை ஆண்டவருக்குக் கொடுத்தார். இந்த வேதப் பகுதியைக் கோயிலில் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இஞ்ஞாசியம்மாள் ஞாபகம்தான் வரும். நம் பங்குப் பத்திரிகையில் முதன்முறையாக அவள் கதையை எழுதுகிறேன். தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள். முதலில் சொல்ல எனக்குத் தைரியம் போதவில்லை.

நான் இந்தக் கடற்கரை ஊரில் சாமியாருக்குத் துணையாகக் கோயில் வேலை பார்க்கும் உபதேசியார். ஒரு வருடம் ஐப்பசிப் புயலில் எஸ்தாக்கியும் லாசரும் ஒரே வள்ளத்தில் போய்த் திரும்பவில்லை. எஸ்தாக்கியின் மனைவிதான் இஞ்ஞாசியம்மாள். பத்து வயதில் ஜெசிந்தா என்று ஒரு மகள். லாசரின் மனைவி பனியம்மாளுக்கு அப்போது ஏழாம் மாதம். ஒரு வாரம் தேடியும் ஆள் கிடைக்கவில்லை என்றதும், அவரை மண்ணில் வைக்காமல் பச்சைத் தண்ணீர்கூட இறங்காது என்று படுத்துவிட்டாள். ஊட்டிய கஞ்சியையும் துப்பினாள். இன்னும் இரண்டு நாள் இப்படிக் கிடந்தால் பிள்ளை தங்காது என்று நர்ஸம்மா கையை விரித்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் காலையில் ஒரு சடலம் கரை ஒதுங்கியது. ஒன்றே ஒன்று. மீன்கள் தின்று முகமே இல்லை. ரத்தத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிற வசதியெல்லாம் வராத காலம். கழுத்தில் உத்தரியம், மாதா படம் தைத்த துணியைக் கோத்த கயிறு, கிடந்தது. அது எங்கள் ஊரில் எல்லார் கழுத்திலும் கிடப்பதுதான். ஆனால் இதன் கயிறு அறுந்து, பச்சை வலை நூலால் முடிச்சுப் போட்டிருந்தது. சாம்பல் புதனன்று சாம்பல் பூச எஸ்தாக்கி தலை குனிந்தபோது அதே முடிச்சை நான் பார்த்திருக்கிறேன்.

இஞ்ஞாசியம்மாள் குனிந்து அந்த முடிச்சைத் தொட்டாள். கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு, இரண்டு பேர் தாங்கிக் கூட்டி வந்த பனியம்மாளைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க ஆளு இல்ல. இது லாசர்தான். அழுது தீத்துட்டுக் கஞ்சியக் குடி பிள்ள," என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. தெற்கு மதிலோரம் லாசர் என்று சொல்லிப் புதைத்தோம். அன்று மாலையே பனியம்மாள் கஞ்சி குடித்தாள். பிள்ளையும் பிழைத்தது.

அந்தச் சிலுவையில் மட்டும் பெயர் ஏறவில்லை. வருடா வருடம் வெள்ளையடிக்கும்போது கேட்பேன். "இருக்கட்டும் உபதேசியாரே," என்பாள் பனியம்மாள். கல்லறைத் திருநாளில் வாசலிலேயே நிற்பாள். இஞ்ஞாசியம்மாள் போய் அந்தக் குழியில் மெழுகுதிரி கொளுத்தி வந்த பிறகுதான் உள்ளே போவாள். தன் புருஷனோடு கூடப் போனவருக்காகக் கொளுத்துகிறாள் என்று ஊர் நினைத்தது.

ஜெசிந்தாவுக்குக் கல்யாணம் வந்தது. தாய் தகப்பன் கல்லறையில் திரி கொளுத்திவிட்டுத்தான் எங்கள் ஊர்ப் பெண் கோயில் படி ஏறுவாள். அவள் என்னிடம் வந்தாள்.

"எங்க அப்பாவுக்கு ஒரு சாண் மண்ணு கெடைக்கலையே. நான் எங்க போயி கொளுத்த?"

"கடற்கரையில கொளுத்து மக்கா," என்றேன்.

மூன்று தடவை காற்று அணைத்துவிட்டது. அணைந்த திரியை மணலில் குத்திவிட்டு அழுதுகொண்டே போனாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். போன தவக்காலத்தில் இஞ்ஞாசியம்மாளும் மகளிடம் ஒன்றும் சொல்லாமல் கண்ணை மூடிவிட்டாள்.

பொய் சொல்லிச் சடலத்தைக் கொடுத்தவள் ஒருத்தி. வாங்கிப் புதைத்தவள் ஒருத்தி. பார்த்தும் பேசாதவன் ஒருவன். ஜெசிந்தாவுக்கு அநியாயம் செய்தது எங்களில் யார்?

விடை: பனியம்மாளுக்கு அன்றே சந்தேகம். அதனால்தான் பெயரும் எழுதவில்லை, முதல் திரியும் கொளுத்தவில்லை. போன வாரம் கேட்டேன். "இனியாவது அந்தப் பிள்ளைட்ட சொல்லுங்க," என்றாள். இஞ்ஞாசியம்மாள் மகளின் பங்கையும் சேர்த்துத்தான் கொடுத்துவிட்டாள், உண்மை. ஆனால் ஓர் உயிருக்காகக் கொடுத்தாள். நான் எதையும் கொடுக்கவில்லை. நேராக வந்து கேட்ட பிள்ளையைக் காற்றில் திரி கொளுத்த அனுப்பினேன். அநியாயம் செய்தவன் நான்தான். ஜெசிந்தா, இந்தப் பத்திரிகை உன் வீட்டுக்கும் வரும். தெற்கு மதிலோரம், பெயர் எழுதாத சிலுவை. போய்க் கொளுத்து மக்கா.