கேட்காமல் சொன்ன ஆறுதல்

“மேடம், ஒரு மனுஷன் எப்ப சாகிறான்?”

கேட்டவர் டாக்டர் சகாயராஜ். கிராமத்து ஆஸ்பத்திரியில் பல வருஷம் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, தலை நரைத்த பிறகு பிரேதப் பரிசோதனை படிக்க வந்தவர். சாவைப் பற்றி எந்தப் புத்தகம் கண்ணில் பட்டாலும் வாங்கிவிடுவார். வாங்கினால் சும்மா இருப்பாரா? மறுநாளே கேள்வியோடு வந்து நிற்பார்.

அவருடைய பேராசிரியர் மெஹருன்னிசா. சகாயராஜைவிடப் பத்து வயது இளையவர். பேச்சில் மகா கருமி.

அவர் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். “நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“மூச்சு நிக்குது. இதயம் நிக்குது. மூளை நிக்குது. தோல் அதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் உயிரோட இருக்கு. இதுல எதைச் சாவுன்னு சொல்ல? தத்துவக்காரங்க ஒண்ணு சொல்றாங்க, சட்டம் ஒண்ணு சொல்லுது. தலை சுத்துது மேடம்.”

“நேத்து ஒருத்தரை அறுத்தீங்களே, கார்ல அடிபட்டவர். அவர் எப்ப செத்தார்?”

அப்பாடா, இது சுலபம்.

“ஈரல் கிழிஞ்சிருந்தது. வயிறு நிறைய ரத்தம். இதயம் துடிச்சுக்கிட்டே இருந்தாத்தான் அவ்வளவு சேரும். அடிபட்டு அரை மணி நேரமாவது இருந்திருப்பார்.”

“தலையில அடி?”

“ஒரு கீறல்கூட இல்ல.”

“அவர் சம்சாரத்துகிட்ட என்ன சொன்னீங்க?”

சகாயராஜின் குரல் இறங்கியது. “அடிபட்டதுமே போயிட்டார்மா, வலியே தெரிஞ்சிருக்காதுன்னு சொன்னேன்.”

“அந்தம்மா கேட்டாங்களா?”

“இல்ல. அழுதுக்கிட்டு நின்னாங்க. எனக்கு மனசு தாங்கல, நானாத்தான் சொன்னேன். தப்பா மேடம்?”

மெஹருன்னிசா கையைத் துடைத்தார். ஜன்னல் பக்கம் தலையை அசைத்தார்.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டு ஓரத்தில் நேற்றைய அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். பெயர் இசக்கியம்மாள். சற்றுத் தள்ளி, பைக்கில் சாய்ந்தபடி அவள் கொழுந்தன் கொம்பையா.

“ரொம்ப நேரமா நிக்கிறாங்க. உங்களைத்தான் கேக்கிறாங்க. போய்ப் பேசுங்க.”

சகாயராஜ் போனார்.

இசக்கியம்மாள் கும்பிட்டாள். “அய்யா, அவுக அடிபட்டதுமே போயிட்டாகன்னு சொன்னீகளே. நெசந்தானா?”

முதல் பொய்க்குத்தான் யோசனை வேண்டும். இரண்டாவது தானாக வரும்.

“ஆமாம்மா.”

“அப்பம் எங்கிட்டப் பேசினது ஆருய்யா?”

சகாயராஜ் அப்போதுதான் விவரம் கேட்டார்.

ரோட்டோர வயலில் அவள் களை எடுத்துக்கொண்டிருந்தாளாம். சத்தம் கேட்டு ஓடியிருக்கிறாள். புருஷன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வருகிறவரை தனியாளாக அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். இதை நேற்று யாரும் அவளிடம் கேட்கவில்லை. சகாயராஜும்தான்.

“‘செல்வக்கனியை வீட்டுக்குக் கூட்டிக்கோ’ன்னாக. எங்க மவய்யா அவ. வேற ஆளுக வீட்டுப் பையனைக் கட்டிக்கிட்டான்னு, வாசப்படி மிதிக்கப்படாதுன்னு வெரட்டினதே அவுகதான். இன்னைக்குப் பிள்ளை வந்து தெருமுனையில நிக்கா. கொழுந்தனும் சொந்தக்காரவுகளும் உள்ள விட மாட்டேங்காக.”

கொம்பையா அங்கிருந்தே குரல் கொடுத்தான். “அடிபட்டதும் செத்த ஆளு எப்படி சார் பேசுவாரு? நீங்களே சொல்லிட்டீங்கல்லா. மதினி, மக மேல உள்ள பாசத்துல எதையோ சொல்லுதாக.”

இசக்கியம்மாள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டரைத்தான் பார்த்தாள்.

“அவன் சொல்லுதது கெடக்கட்டும். எனக்கே இப்பம் சந்தேகமா இருக்குய்யா. கிறுக்குப் பிடிச்சு நானா நெனச்சுக்கிட்டேனோ? பொணத்தையா மடியில வச்சுக்கிட்டுப் பேசிக்கிட்டு இருந்தேன்?”

“இரும்மா, இதோ வர்றேன்” என்று சகாயராஜ் உள்ளே ஓடினார். ஓட்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

“மேடம், உண்மையைச் சொன்னா அவர் துடிச்சது தெரிஞ்சுடும். சொல்லலைன்னா அந்தப் பொண்ணு தெருவுல நிக்கும். நான் என்ன செய்ய?”

மெஹருன்னிசா நிமிர்ந்து பார்த்தார்.

“அரை மணி நேரம் உயிரோட இருந்தவரை ஆஸ்பத்திரி வாசல்ல வச்சு நீங்க கொன்னுட்டீங்க.”

“ஐயோ, நல்லதுக்குத்தானே மேடம் சொன்னேன்!”

“அந்த அரை மணி நேரம் யாருடையது?”

  படித்த புத்தகம் ஒன்றும் சகாயராஜுக்குக் கைகொடுக்கவில்லை.

மெல்லக் கேட்டார். “ஆனா, அவர் பேசினார்னு நான் எப்படிச் சொல்றது? பேச்சை அறுத்துப் பார்க்க முடியாதே.”

“முடியாதுதான். நீங்க பார்த்ததைச் சொல்லுங்க. காதால கேட்டவங்க வெளியில நிக்கிறாங்க.”

எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான், அதற்குமேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை பெயராது.

சகாயராஜ் சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்தார். கொம்பையாவையும் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தினார்.

“அம்மா, நேத்தும் பொய் சொன்னேன், இப்பவும் பொய் சொன்னேன். உங்க வீட்டுக்காரர் உடனே போகல. அரை மணி நேரமாவது உயிரோட இருந்திருக்கார். தலையில அடி கிடையாது. பேசியிருக்க முடியும். என்ன பேசினார்னு எனக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.”

கொம்பையா தரையைப் பார்த்தான்.

 கேட்கவே கூடாது என்று சகாயராஜ் வேண்டிக்கொண்டிருந்ததை இசக்கியம்மாள் கேட்டாள்.

“வலிச்சிருக்குமாய்யா?”

இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அவர் அதை விழுங்கினார்.

“வலிச்சிருக்கும்மா. ரொம்பவே.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். வழியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பாவி, இதற்குத்தானே பயந்தேன் என்று சகாயராஜுக்குக் கண் கலங்கியது. தடுக்கத் தெரியாமல் பக்கத்திலேயே குந்தினார்.

அழுகை நிற்க நேரமானது.

சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு அவள் கொழுந்தனை நிமிர்ந்து பார்த்தாள்.

“கேட்டியா கொம்பையா? அம்புட்டு வலியிலயும் மவளைத்தான்யா கேட்டிருக்காக.”