சுழல்துறையில் ஒரு கை

அரியநாயகம் நாற்பது வருஷம் பெயர்ப்பலகை எழுதியவர். மனைவி இறந்தபின் தூரிகைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஆற்றங்கரை மடத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்த குரு அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

மடத்தின் படித்துறையில் ஒரு சுழல் உண்டு. மேலிருந்து பார்த்தால் தண்ணீர் அசையாமல் கிடக்கும். யாத்திரை வருகிறவர்களோ பல மாநிலத்துக்காரர்கள்.

"ஒரு பலகை எழுதி வைங்களேன்" என்றார் குரு.

'அபாயம்' என்று சிவப்பில் எழுதினார். தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் விலகிப் போனார்கள். மற்றவர்கள் பலகையில் துண்டைத் தொங்கவிட்டு ஆற்றில் இறங்கினார்கள். இரண்டு பேரை இழுத்துப் போட வேண்டியிருந்தது.

அடுத்து மண்டை ஓடும் எலும்பும் வரைந்தார். மறுநாள் காலை மண்டை ஓட்டுக்கு யாரோ விபூதி பூசி, அரளி மாலை சாத்தியிருந்தார்கள்.

"சாமி ஆயிட்டாரு. விட்டா உண்டியலும் வெச்சிருவாங்க" என்று குரு சிரித்தார்.

மூன்றாவதாக ஒரு கை. விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையை முன்னால் காட்டி உயர்த்திய கை.

"நில்லுங்கறது குழந்தைக்கும் புரியும் சாமி."



ஐப்பசியில் ஒரு வயதான தம்பதி வந்தார்கள். என்ன மொழி என்று யாருக்கும் தெரியவில்லை. அரியநாயகம் மேல்படியில் நின்றிருந்தார். அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகைமுன் நின்றாள். உள்ளங்கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தண்ணீரில் கால் வைத்தாள்.

"போகாதீங்கம்மா!"

திரும்பிப் பார்த்து அவரையும் கும்பிட்டாள். அடுத்த படிக்கு இறங்கினாள்.

மூன்றாம் நாள் உடல் கிடைத்தது. கரையிலேயே எரித்தார்கள். கணவர் ஊருக்குப் போகவில்லை. அவளுடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சோறு கொண்டு போய் வைத்தால் பாதி சாப்பிடுவார்.

அரியநாயகம் பலகையிலிருந்த கையை மண்ணெண்ணெய் விட்டு அழித்தார்.

"அபாயத்துக்கும் அபயத்துக்கும் நடுவுல ஒரு துணைக்கால்தான் சாமி. நாப்பது வருஷத்துல அதை ஒரு தடவைகூட விட்டதில்ல. இப்போ படத்துல விட்டுட்டேன்."

"ம்."

"அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். அதுக்குப் பாஷை இல்ல."

"ம்."

"எல்லாருக்கும் புரியற மாதிரி ஒரு படம் சொல்லுங்க. இனி ஒரு உயிர் போகக்கூடாது."

குரு எழுந்து படித்துறைக்கு நடந்தார். அரியநாயகம் பின்னால் போனார்.

அப்போதுதான் ஒரு குடும்பம் வந்து இறங்கியிருந்தது. கன்னடம் பேசினார்கள். குடும்பத் தலைவர் சட்டையைக் கழற்றி மகனிடம் கொடுத்துவிட்டு இறங்கப் போனார்.

பலகைக்குப் பக்கத்தில் இருந்த கிழவர் எழுந்து குறுக்கே நின்றார். தன் மொழியில் ஏதோ சொன்னார். வந்தவருக்குப் புரியவில்லை. விலகச் சொல்லிக் கையை ஆட்டினார். கிழவர் நகரவில்லை. மடியிலிருந்து எடுத்துவந்த செருப்பு இரண்டையும் நீட்டினார்.

வந்தவர் செருப்பைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். மகனிடமிருந்து சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

கிழவர் பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்தார்.

"என்ன சொன்னார் சாமி?"

"தெரியாது."

"அந்த மனுஷனுக்கு?"

"அவருக்கும் தெரியாது."

அரியநாயகம் அந்த வெறும் பலகையைப் பார்த்தார்.

"நாளைக்கு பெரியவரோட மகன் வந்து கூட்டிட்டுப் போயிடுவாராம், போலீஸ்காரங்க சொன்னாங்க. அதுக்கப்புறம் இங்க யார் உட்காருவாங்க?"

குரு திரும்பி அவரைப் பார்த்தார்.

"ஏன், உங்களுக்கு வேற எங்கயாவது போகணுமா?"