காவலுக்கு நின்ற தகடு

தூத்துக்குடியில் ஒரு வீட்டில் ஒரு லேப்டாப் இருந்தது. அதற்குள்ளே ஒரு குடும்பமே குடியிருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

அந்தக் குடும்பத்தில் தீப்பெட்டியில் பாதிகூட இல்லாத ஒரு சின்ன அட்டை உண்டு. வைஃபை அட்டை. காற்றில் வருகிற சேதியை வாங்கி உள்ளே கொடுப்பதும், உள்ளே இருப்பவர்கள் சொல்வதை வெளியே அனுப்புவதும் அதன் வேலை. அதற்குக் காது இரண்டு. ஒன்று கருப்பு வயர், ஒன்று வெள்ளை வயர். இரண்டும் அட்டையிலிருந்து கிளம்பி, கீல் வழியாக நுழைந்து, திரையின் இரண்டு ஓரத்திலும் ஏறி, மூடியின் உச்சியில் போய் நிற்கும். நமக்குக் காது தலையோடு இருக்கிறது. அதற்குப் பாவம், ஒரு முழம் தள்ளி.

அந்த உச்சிக்கு வெளிப்புறத்தில் ஒரு செப்புத் தகடு ஒட்டியிருந்தது. ஸ்கேல் நீளம், இரண்டு விரல் அகலம். திருஷ்டித் தகடு. ஒட்டியவன் இந்த வீட்டுக்காரன் பட்டுராஜ், கப்பலில் ஃபிட்டர். ஆறு மாதத்துக்கு முன்னால் கப்பலுக்குக் கிளம்பிய அன்று காலையில் ஒட்டினான். அப்போது அவன் மனைவி செல்விக்கு நாலு மாதம்.

“நாம ரெண்டு பேரும் பேசிக்கிடப் போறது இதுலதான். இதுக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாது” என்றான் செல்வியிடம். பிறகு தகட்டை விரலால் ஒரு தட்டுத் தட்டினான். “ஏய், நான் வாரவரைக்கும் என் வீட்டைப் பாத்துக்கோ. கண்ணுக்குத் தெரியாம வார எதையும் உள்ள விடாத, கேட்டியா?”

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். தகடு அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

பட்டுராஜின் கப்பல் கம்பெனி, மாலுமிகள் வீட்டோடு பேச ஒரு தனி ஏற்பாடு செய்திருந்தது. வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு சாயங்காலம் அஞ்சு மணியிலிருந்து அஞ்சரை வரை. அதுவும் கம்பெனியில் பதிந்து கொடுத்த அந்த ஒரு லேப்டாப்பில் மட்டும்தான் வரும். போனில் வராது, பக்கத்து வீட்டு லேப்டாப்பிலும் வராது.

ஞாயிறு வரும். அஞ்சு மணி ஆகும். திரையில் பட்டுராஜின் முகம் வரும். “செல்வி, சாப்…” என்பான். அவ்வளவுதான். வாயைத் திறந்தபடி அப்படியே நிற்பான். அரை மணி நேரத்தில் முப்பது தடவை வருவான், முப்பது தடவையும் போவான். செல்வி கடைசியில் லேப்டாப்பை மூடிவிட்டு முகத்தை முந்தானையில் துடைத்துக்கொள்வாள்.

போனில் வைஃபை ஜம்மென்று எடுத்தது. ஆகவே குற்றம் லேப்டாப்பில்தான். வயர் சொருகிப் பார்க்கலாமென்றால் இந்த மெல்லிசு லேப்டாப்பில் அந்த ஓட்டையே கிடையாது. உள்ளே எல்லோரும் வைஃபை அட்டையைப் போட்டு வறுத்தெடுத்தார்கள்.

“ஒரே ஒரு வேலை. அதையும் ஒழுங்கா பார்க்கத் துப்பில்லை” என்றது ஃபேன். அது சும்மாவே சத்தம் போடுகிற ஆள்.

“எனக்கு வந்து சேர்ந்தாத்தானே நான் குடுக்க முடியும்?” என்றது அட்டை. “காதுல எதுவும் விழமாட்டேங்குது. எனக்கே பயமாயிருக்கு.”

யாரும் நம்பவில்லை. கொஞ்ச நாளில் அட்டையே தன்னை நம்பவில்லை. நமக்கு ஏதோ கோளாறு, வயசாகிவிட்டது போலிருக்கிறது என்று அது ஒடுங்கிப் போயிற்று.

இதற்கிடையில் செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவளுடைய அம்மா மூன்று வருஷத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள், போக ஒரு தாய்வீடு இல்லை. அதனால் பிரசவம், பத்தியம் எல்லாம் இந்த வீட்டிலேயே. பட்டுராஜின் தங்கை கோமதிதான் கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள்.

முப்பதாம் நாள் பேர் வைக்க வேண்டும். அது சரியாக ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அப்பா பிள்ளையின் காதில் மூன்று தடவை பேரைச் சொல்ல வேண்டும். பட்டுராஜ் கப்பல் கம்பெனி வழியாக மெசேஜ் அனுப்பியிருந்தான்: “பேரை நான் முடிவு பண்ணிட்டேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், உன்கிட்டயும்தான். என் பிள்ளை காதுலதான் முதல்ல சொல்லுவேன். அந்த ஞாயித்துக்கிழமையை விட்டா மறுபடி ரெண்டு மாசத்துக்கு லைன் கிடைக்காது. கப்பல் அந்தப் பக்கம் போகுது.”

செல்வி லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டுபோனாள். “கார்டு போயிருக்கும். பார்க்கிற பையன் லீவு, அடுத்த வியாழக்கிழமைக்கு மேல வாங்கக்கா” என்றார்கள். வியாழக்கிழமை யாருக்கு வேண்டும்!

“நானே மாத்திருதேன்” என்றாள் செல்வி, வீட்டுக்கு வந்து.

“என்ன மதினி, விளையாடுதியளா? பச்சை உடம்போட” என்றாள் கோமதி.

“மிக்ஸியைப் பிரிச்சு மாட்டுன கைதானே இது? இதுல மட்டும் என்ன பூதமா இருக்கு?”

புது அட்டைக்கு ஆர்டர் போட்டாள். அது சனிக்கிழமை வந்தது. ஞாயிறு மத்தியானம் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் ஒரு துண்டை விரித்து, லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டாள். போனில் ஒரு வீடியோ ஓடியது. பக்கத்தில் ஒரு இட்லித் தட்டு. கழற்றுகிற ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் வரிசையாக ஒவ்வொரு குழியில் போட்டாள், ஏனென்றால் ஒன்று நீளம், ஒன்று குட்டை, மாறிப்போனால் தொலைந்தோம். முதலில் பேட்டரி வயரை உருவினாள். பிறகு அட்டையிலிருந்து கருப்பு, வெள்ளை இரண்டையும் நகத்தால் நெம்பி எடுத்தாள். ரவிக்கை டிச் பட்டன் மாதிரி அது ‘டிக்’ என்று கழன்றது.

பழைய அட்டை இட்லித் தட்டின் கடைசிக் குழிக்குப் போனது. அந்த இடத்தில் புது அட்டை வந்து உட்கார்ந்தது.

“கவலைப்படாதீங்க பெரியவரே, இனிமே நான் பாத்துக்கிடுதேன். நம்ம வேகமே வேற” என்றது புதுசு.

“நல்லா இருப்பா. அஞ்சு மணிக்கு மட்டும் விட்டுராதே. பிள்ளைக்குப் பேர் வருது” என்றது பழசு. அதன் குரலில் கோபம் இல்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

செல்வி மூடினாள், போட்டாள், பார்த்தாள். சிக்னல் ஒரு நிமிஷம் வந்தது. போனது. வந்தது. போனது.

“ஐயையோ, எனக்கும் எதுவும் கேக்கலையே!” என்று புதுசு அலறியது. வந்த வேகமெல்லாம் எங்கே போனதோ.

மணி நாலு. செல்வி தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்து, “புதுசும் பழசும் ஒரே லட்சணம்தான். பழசையே மாட்டிட்டு இதைத் திருப்பி அனுப்பிருவோம்” என்று மறுபடி திறந்தாள். பழைய அட்டை தன் இடத்துக்கு வந்தது. டிக், டிக். அதற்குள் பிள்ளை அழுதது. அப்படியே போட்டுவிட்டுப் பால் கொடுக்க ஓடினாள்.

மேசைப் பக்கம் ஆள் இல்லாத அந்த நேரத்தில்தான் பழைய அட்டை தன் காதுகளிடம் கேட்டது. “ஏம்ப்பா, உண்மையைச் சொல்லுங்க. கோளாறு எங்கிட்டயா, உங்ககிட்டயா?”

“எங்ககிட்டயும் இல்லை” என்றது கருப்பு வயர். “எங்க தலைக்கு மேல எதையோ கவுத்து மூடியிருக்கு. ஆறு மாசமா அப்படித்தான்.”

“இதை ஏன் முன்னாலேயே சொல்லலை?”

“எல்லாரும் உன்னைத்தான் திட்டினாங்க. எங்களை யாரு கேட்டா?” என்றது வெள்ளை. கேட்டபோது அதற்கே வெட்கமாக இருந்தது. பிறகு மேலே பார்த்துக் குரல் கொடுத்தது. “அண்ணாச்சி, மேல யாரு?”

“நான்தான்” என்றது தகடு. நடுவில் இருந்தது ஒரு பிளாஸ்டிக் சுவர்தான். “இந்த வீட்டுக் காவல்.”

“காவலா? என்ன காவல்?”

“கண்ணுக்குத் தெரியாம வார எதையும் உள்ள விடக்கூடாதுன்னு வீட்டுக்காரர் உத்தரவு. ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் வந்து முட்டுதாங்க. முகம் கிடையாது, நிழல் கிடையாது. ஓரத்துல புகுந்து ஒண்ணு ரெண்டு தப்பிச்சுப் போயிரும், அது என் குத்தமில்லை. மத்தபடி ஆறு மாசமா கண் அசரலை” என்றது தகடு. அதற்குப் பெருமை தாங்கவில்லை.

வயர்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. வெள்ளை மெதுவாகக் கேட்டது. “அதுல, ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு வார ஆள் யாராவது உண்டா?”

“உண்டு உண்டு. அவன்தான் இருக்கிறதுலயே பிடிவாதக்காரன். கடல் பக்கமிருந்து வருவான். அரை மணி நேரம் விடாம முட்டுவான். நானும் விடமாட்டேன். எங்க ரெண்டு பேருக்கும் மல்லுக்கட்டுதான்.”

“முட்டும்போது என்ன சொல்லுவான்?”

“என்னத்தைச் சொல்லுவான்? செல்வி, செல்வி, சாப்பிட்டியா, கேக்குதா, செல்வின்னு…”

தகடு நிறுத்தியது.

மறுபடி பேசியபோது குரலில் அந்தப் பெருமையெல்லாம் போயிருந்தது. “ஐயோ. எந்தக் கை என்னை இங்க ஒட்டுச்சோ, அந்தக் கை தட்டுன கதவைத்தானா நான் சாத்தி வச்சிருந்தேன்?”

“உனக்குத் தெரியாதுல்ல அண்ணாச்சி” என்றது பழைய அட்டை. ஆறு மாதம் பழி சுமந்த அட்டைதான் முதலில் அதைத் தேற்றியது. “நீ அவன் சொன்னதைத்தானே செஞ்சே.”

“அவளும் ஒவ்வொரு வாரமும் அழுதா. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? ஏதோ திருஷ்டி உள்ள போயிருச்சு, இன்னும் கெட்டியா நிக்கணும்னு நினைச்சேன்” என்றது தகடு. “என்னை யாராவது எடுங்களேன். நானா விழ முடியலையே, பசை விடமாட்டேங்குதே.”

மணி நாலரை. செல்வி திரும்பி வந்தாள். இந்தத் தடவை அவள் அவசரப்படவில்லை. வெள்ளை வயரின் மேல் விரலை வைத்தாள். அது போகிற வழியே விரலும் போனது. அட்டை, கீல். அதற்கு மேல் வயர் கண்ணுக்குத் தெரியவில்லை. வீடியோவில் அது திரையின் ஓரமாக ஏறி மூடியின் உச்சி வரை போவதைப் பார்த்திருந்தாள், அதனால் வெளியிலிருந்தே விரலை மேலே கொண்டுபோனாள். உச்சியில் விரல் நின்றபோது கையில் ஜில்லென்று பட்டது. செம்பு.

“கோமதி, இங்க வா. வயர் வந்து முடியிற இடம் இது. இது மேல உலோகத்தை வச்சு அடைச்சிருக்கு. சிக்னல் எப்படி வரும்?”

கோமதி பதறிவிட்டாள். “மதினி, அண்ணன் ஒட்டினது அது. பிள்ளை பெத்த வீடு. பேர் வைக்கிற நாளும் அதுவுமா திருஷ்டித் தகட்டைப் பிய்ப்பாங்களா? பிள்ளைக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டுன்னா?”

செல்வியின் கை நின்றுவிட்டது. பயம் இல்லாமலா? அவளும் தாய்தானே. தொட்டிலைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். மணி அஞ்சாகப் பத்து நிமிஷம்.

“அவுங்க குரல் என் பிள்ளை காதுல விழட்டும் கோமதி. அதுக்கு மேல என்ன காவல் வேணும் அதுக்கு? பூக்கட்டுற நூல் எடுத்துட்டு வா.”

நூலைத் தகட்டுக்கும் மூடிக்கும் நடுவில் கொடுத்து, இரண்டு முனையையும் பிடித்து இப்படியும் அப்படியும் அறுத்தாள். ஆறு மாதம் பிடித்த பசை அது, லேசில் விட வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் தகடு ஒரு இம்மியும் பிடித்துக்கொள்ளவில்லை. வழுக்கிக்கொண்டு அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

பேட்டரியை மாட்டி, இட்லித் தட்டிலிருந்து நாலே நாலு ஸ்க்ரூ மட்டும் எடுத்துப் போட்டு லேப்டாப்பை நிமிர்த்தினாள். மணி அஞ்சு.

பட்டுராஜ் வந்தான். பின்னால் இரும்புச் சுவர், எண்ணெய்க் கறை படிந்த சட்டை. வாயைத் திறந்தான். செல்வி திரைக்குப் பக்கம் குனிந்தாள்.

“செல்வி, சாப்பிட்டியா?” என்றான். முழுசாகச் சொன்னான்.

செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். கோமதிதான் பிள்ளையைத் தூக்கி வந்து, அதன் காதை லேப்டாப்பின் ஸ்பீக்கர் பக்கம் வைத்தாள். உள்ளே பழைய அட்டை ஒரு எழுத்துக்கூடச் சிந்தாமல் வாங்கி வாங்கிக் கொடுத்தது. ஃபேன்கூட வாயை மூடிக்கொண்டது.

“மாரிக்கனி” என்றான் பட்டுராஜ். “மாரிக்கனி. மாரிக்கனி.”

அது செல்வியின் அம்மா பேர். முதல் பிள்ளைக்கு அப்பா வழிப் பேர்தான் வைப்பார்கள் என்று அவள் தன் மனசைத் தேற்றி வைத்திருந்தாள். அவள் உடைந்து அழுதாள். கோமதியும் அழுதாள். பிள்ளை மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது.

அழுது முடித்ததும் செல்வி தகட்டை எடுத்துத் திரைக்கு முன்னால் காட்டினாள். “என்னங்க, கோவிச்சுக்காதிய. இதைக் கழத்திட்டேன். இதுதான் இத்தனை நாளும் உங்க குரலை மறிச்சிட்டு நின்னுருக்கு.”

பட்டுராஜ் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அதைத் திட்டாத செல்வி” என்றான். “யாரையும் உள்ள விடாதன்னு சொல்லிட்டு வந்தவன் நான்தான். என்னைத் தவிரன்னு சொல்ல மறந்துட்டேன்.”