வாதத்தின் நடுவே பசித்த குழந்தை

சேந்தனூர் மடத்தில் திருமேனியடிகள் பெண்களுக்கும் பாடம் சொன்னார். அந்தப் பக்கத்து மடங்கள் எதிலும் அப்படி வழக்கமில்லை. ஊரில் சிலர் முணுமுணுத்தார்கள். வாகீசப் பண்டிதர் முணுமுணுக்கவில்லை. நகரத்துச் சபையில் எழுந்து நின்று நேராகவே சொன்னார்.

“பெண்ணுக்குக் கல்வி நிலைக்காது. நிலைக்கும் என்றால் அடிகளின் மாணவி ஒருத்தி வந்து என்னோடு வாதிடட்டும். அவள் தோற்றால் அந்த மடத்தில் பெண்கள் படிப்பது நிற்க வேண்டும்.”

சபை ஒப்புக்கொண்டது.

செய்தி வந்தபோது அடிகள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரில் நப்பின்னை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். வாதத்தில் அவளை மடக்கியவர் மடத்தில் யாரும் இல்லை.

“நீ போய் வா” என்றார் அடிகள்.

நப்பின்னை குழந்தையைப் பார்த்தாள். இன்னும் தலை நிற்காத பெண் குழந்தை.

“ஐயா, இவளைக் கொண்டுபோனால் சபையில் அழுவாள். விட்டுவிட்டுப் போனால் நான் அழுவேன். என்ன செய்யட்டும்?”

“சபைக்கு யாரெல்லாம் வருவார்கள்?”

“பண்டிதர்கள் வருவார்கள். ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள். வேடிக்கை பார்க்கவும் கூட்டம் வரும்.”

“அவர்களெல்லாம் சாப்பிட்டுவிட்டுத்தானே வருவார்கள்?”

“ஆமாம்.”

“அப்படியென்றால் இவள் மட்டும் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?” என்று கேட்டுவிட்டு அடிகள் அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தார்.

வாத நாள் வந்தது. மண்டபம் நிரம்பி வழிந்தது. ஆண்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் பின்பக்கத் தூண்களுக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தார்கள். நப்பின்னையின் கணவன் சாத்தன் ஓடக்காரன். அவன் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் நின்றான்.

சபைத் தலைவர் தாமோதரர் விதியைச் சொன்னார். “வாதிடுகிறவர்கள் வாதம் முடியும்வரை இருக்கையை விட்டு எழக்கூடாது. எழுந்தால் தோற்றதாகப் பொருள்.”

பண்டிதர் தொடங்கினார். கணீரென்ற குரல்.

“கல்விக்கு முதலில் வேண்டியது அசையாத மனம். காற்றில் ஆடும் விளக்கில் யாரும் படிக்க முடியாது. பெண்ணின் மனம் ஆடும் விளக்கு. அடுப்பு அழைத்தால் அங்கே போகும். குழந்தை அழைத்தால் அங்கே போகும். கற்றது எங்கே தங்கும்?”

கூட்டம் தலையாட்டியது.

நப்பின்னை பதில் சொன்னாள். ஓடத்தைப் பற்றிச் சொன்னாள். ஆற்றில் ஓடம் அசைகிறது, அசைந்துகொண்டேதான் அக்கரை சேர்கிறது, அசையாமல் நிற்பது கரையில் கட்டிப்போட்ட ஓடம்தான் என்றாள். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். பண்டிதர் வேறொரு நியாயத்தை எடுத்தார். அவள் அதற்கும் பதில் வைத்தாள். அவர் மூன்றாவதைப் பாதி சொன்னதும், முதலிரண்டுக்கும் பதிலை முடித்துவிடுகிறேன் என்று அவள் தொடர்ந்தாள். உச்சிவெயில் முற்றத்தில் இறங்கியது.

அப்போது வாசலில் குழந்தை அழுதது.

முதலில் சிணுங்கல். பிறகு வீறிட்ட அழுகை. சாத்தன் தட்டிக்கொடுத்தான், தூக்கி ஆட்டினான், வெளியே கொண்டுபோய்க் காக்கை காட்டினான். எதுவும் எடுபடவில்லை. அது பசி அழுகை.

நப்பின்னைக்கு நெஞ்சு கனத்தது. மேலாடை நனைவதை உணர்ந்தாள். பேசிக்கொண்டிருந்த வார்த்தை நின்றது.

பண்டிதர் புன்னகைத்தார். “நான் சொன்னது நடக்கிறது. போய்க் கொடுத்துவிட்டு வா அம்மா. யாரும் தடுக்க மாட்டார்கள்.”

“எழுந்தால் தோற்றதாகப் பொருள் அல்லவா?” என்றாள்.

“அது சபையின் விதி. நான் போட்டதல்லவே!”

நப்பின்னை முன்வரிசையில் இருந்த அடிகளைப் பார்த்தாள்.  அவர், சபை தமக்கு மரியாதையாகக் கொடுத்திருந்த மயிற்பீலி விசிறியை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வாசல் பக்கம் திரும்பினாள். மண்டபத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கும்படி கூப்பிட்டாள்.

“என்னங்க, பிள்ளையை இங்கே கொண்டு வாங்க.”

காவலாளி கையை நீட்டி மறித்தான். “பச்சைக் குழந்தையை உள்ளே விடக்கூடாது.”

“விதியில் அப்படி இருக்கிறதா?” என்று நப்பின்னை தலைவரைக் கேட்டாள்.

தாமோதரர் யோசித்தார். அப்படி ஒரு விதி இருந்ததில்லை. குழந்தை சபைக்கு வரும் என்று எவரும் நினைத்ததுகூட இல்லை. அவர் கையை அசைத்தார். காவலாளி விலகினான்.

சாத்தன் உள்ளே வந்தான். ஓடம் தள்ளும் முரட்டுக் கால்கள். பட்டும் சால்வையுமாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே, யாரையும் மிதித்துவிடாமல் பார்த்துப் பார்த்து நடந்தான். குழந்தையை அவள் மடியில் வைத்துவிட்டு அவளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தான்.

நப்பின்னை சேலையை விலக்கிக் குழந்தையை மார்போடு சேர்த்தாள்.

அழுகை நின்றது. மண்டபத்தில் குழந்தை பால் விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“சிவ சிவா!” என்றார் ஒருவர்.

“சபையா, வீட்டுக் கொல்லையா?” என்றார் இன்னொருவர்.

எல்லாரும் அடிகளைப் பார்த்தார்கள். தம் மாணவியை அவர் கண்டிப்பார் என்று காத்திருந்தார்கள். அடிகள் எழுந்தார். வாதிடுபவர் அவர் இல்லை, எழுந்தால் குற்றமில்லை. மெல்ல நடந்து போய் நப்பின்னையின் அருகில் உட்கார்ந்தார். புழுக்கத்தில் வியர்த்திருந்த குழந்தையின் தலைக்கு அந்த மயிற்பீலி விசிறியால் வீசத் தொடங்கினார்.



“ஐயா, விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன்” என்றாள் நப்பின்னை. சொன்னாள். குரல் தடுமாறவில்லை. வரிசை பிசகவில்லை. ஒரு கை குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது. பண்டிதரின் மூன்று நியாயங்களில் இரண்டை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து வைத்தாள்.

“மூன்றாவதைச் சொல்லுங்கள் ஐயா. பாதியில் நிற்கிறது.”

பண்டிதர் வாயைத் திறந்தார். கண்ணை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தூணைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். முதலில் சொன்ன நியாயத்தையே மறுபடியும் சொன்னார். பாதியில் நிறுத்தினார். நெற்றியைத் துடைத்தார்.

“அது வந்து… மூன்றாவது…”

“மூலநூலை விட்டு உரையை மட்டும் படிப்பவர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்” என்று அவள் எடுத்துக் கொடுத்தாள்.

பண்டிதருக்குக் கோபம் வந்துவிட்டது. “எப்படிச் சொல்வது? கண்ணெதிரே இப்படி உட்கார்ந்திருந்தால் எவனுக்கு மனம் ஒரு நிலையில் நிற்கும்? தலைவரே, இதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள்!”

அவர் குரல் மண்டபத்துச் சுவர்களில் மோதி அடங்கியது.

நப்பின்னை குழந்தையை மறு மார்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, ஒரு சந்தேகம் கேட்கும் மாணவியின் பணிவோடு கேட்டாள்.

“ஐயா, இந்தச் சபையில் இப்போது யாருடைய மனம் அசைந்தது?”



வாகீசப் பண்டிதர் பெரிய படிப்பாளி. கர்வம் உண்டு, பொய் கிடையாது. கேள்வி தம் மேல் வந்து விழுந்ததை அவர் உணர்ந்தார். தலை குனிந்தார். பிறகு முதல் தடவையாக நிமிர்ந்து அவளை நேராகப் பார்த்தார். மாணவியைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், விசிறிக்கொண்டிருந்த கிழவரைப் பார்த்தார். கண்ணைத் திருப்பவில்லை.

“என்னுடையதுதான்” என்றார்.

இருக்கையை விட்டு எழுந்தார்.

அவர் எழுந்ததற்கு என்ன பொருள் என்று சபைக்குப் புரிய ஒரு கணம் ஆனது. பிறகு பின்னால் நின்ற பெண்களிடமிருந்து குலவைச் சத்தம் கிளம்பியது. தூண்களைத் தாண்டி, ஆண்களின் வரிசையைத் தாண்டி, அவர்கள் மண்டபத்தின் நடுவுக்கே வந்துவிட்டார்கள். இடுப்பில் குழந்தை வைத்திருந்த ஒருத்தி நப்பின்னைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தானும் பிள்ளைக்குப் பால் கொடுக்க ஆரம்பித்தாள். இன்னொருத்தி வந்தாள். சாத்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர்களுக்கு இடம் விட்டு நகர்ந்தான்.

நப்பின்னையின் மகள் பால் வழியும் வாயோடு தூங்கிப் போயிருந்தாள்.

பண்டிதர் அருகில் வந்தார். “என் பேத்திக்கு எழுத்து சொல்லித்தர ஆள் தேடிக்கொண்டிருந்தேன்” என்றார் தயக்கத்தோடு.

“நாளைக்கே அனுப்புங்கள் ஐயா” என்றாள் நப்பின்னை.

கூட்டம் கலையத் தொடங்கியது. தாமோதரர் அடிகளிடம் வந்து கைகூப்பினார். நல்ல மனிதர். இன்று நடந்ததில் அவருக்கு உண்மையாகவே மகிழ்ச்சி.

“அடிகளே, எனக்கு ஒன்று தோன்றுகிறது. இனிமேல் தாய்மார்கள் நிறையப் பேர் வருவார்கள். மண்டபத்துக்குப் பின்னால் நாலு பக்கமும் மறைப்பு வைத்து ஓர் அறை கட்டிவிடட்டுமா?”

அடிகள் விசிறியை அவர் கையில் கொடுத்தார்.

“கட்டுங்கள். பார்க்கச் சகிக்காதவர்கள் போய் உட்கார ஓர் இடம் வேண்டும்தானே.”